இரட்டைக்குழலில் ஒற்றை விசை: பழைய ஷாட்கன்களின் தீராத வழக்கு

#1 · தேயிலைமேடு

வணக்கம். எங்கள் வீட்டில் தலைமுறைகளாக உரிமத்துடன் இருந்துவரும் 12 போர் இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேலாளராக இருந்த ஆங்கிலேயர், ஊர் திரும்பும்போது என் தாத்தாவிடம் விற்றுவிட்டுச் சென்ற லண்டன் துப்பாக்கி அது. எந்த நிறுவனம் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன். குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்தவை, சைடுலாக் வகை (சுடும் பொறி இருபக்கத் தகடுகளில் பொருத்தப்பட்டது). ஆனால் விசை (டிரிகர்) ஒன்றே ஒன்றுதான்.

உரிமப் புதுப்பிப்புக்காக எடுத்துத் துடைத்து எண்ணெய் இட்டபோது, இரு குழல்களிலும் போலித் தோட்டாக்களைப் போட்டு விசையைச் சோதித்துப் பார்த்தேன். முதல் இழுப்பில் வலப்பக்கச் சுத்தியல் ‘டக்’கென்று விழுந்தது. இரண்டாம் இழுப்பில் ஒன்றுமே நிகழவில்லை. விசை எந்த எதிர்ப்பும் இல்லாமல் வெறுமனே போய் வந்தது. மூன்றாம் இழுப்பில்தான் இடப்பக்கம் விழுந்தது. திறந்து மூடி மறுபடி பார்த்தாலும் இதே வரிசைதான். பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். உள்ளே தேய்ந்துவிட்டதாகவும், பிரித்து அரம் போட்டுச் சரிசெய்தால் இரண்டாம் இழுப்பிலேயே விழும் என்றும் சொல்லித் துப்பாக்கியை வாங்கி வைத்திருக்கிறார். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. இவ்வகை ஒற்றை விசைகளின் வரலாறு தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 · பழைய இரும்பு

அரத்தை உள்ளே விட அனுமதிக்காதீர்கள். நாளைக்கே போய்த் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நீங்கள் சொல்வது தேய்மானம் அன்று. 1890களில் லண்டனில் மிகுந்த யோசனைக்குப் பிறகு வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு வெற்று இழுப்பு அது. பெயர் ‘மூன்று இழுப்பு முறை’. ஏன் அப்படி வைத்தார்கள் என்பதைச் சொன்னால் வரலாறும் தானாக வந்துவிடும்.

வழக்கமான இரட்டைக்குழலில் முன் விசை வலக்குழலையும் பின் விசை இடக்குழலையும் இயக்கும். சுத்தியலை மடக்கிய நிலையில் பிடித்து நிறுத்தும் சிறு எஃகுக் கொக்கிக்குச் சியர் என்று பெயர். ஒவ்வொரு விசையும் தனக்குரிய சியரை மட்டும் தூக்கிவிடும். இரண்டுக்கும் இடையே எந்த உறவும் இல்லை. ஒரு சட்டத்தில் பொருத்திய இரண்டு தனித் துப்பாக்கிகள் என்றே அதைக் கொள்ளலாம். ஒற்றை விசை என்று வரும்போது, முதல் சியரைத் தூக்கிய விசை அதை விட்டு நகர்ந்து அடுத்த சியரின் அடியில் போய் நிற்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலை. விரலைத் தளர்த்தியதும் ஒரு சிறு வில் (ஸ்பிரிங்) விசையை அடுத்த சியருக்குத் தள்ளிவிட்டால் போதும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். கல்பொறித் துப்பாக்கிக் காலத்திலேயே அதற்கான முயற்சிகள் தொடங்கிவிட்டன.

அவ்வாறு செய்த பொறிகள் பட்டறை மேசையில் பிசகின்றி வேலை செய்தன. முதல் இழுப்பு வலம், இரண்டாம் இழுப்பு இடம். ஆனால் உண்மைத் தோட்டாவைப் போட்டுத் தோளில் வைத்துச் சுட்டால் இரு குழல்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தன. சுட்டவரோ தாம் ஒரு தடவைதான் இழுத்ததாகச் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. குறை எஃகில் இருப்பதாக எண்ணித் தேடியவரை அது யாருக்கும் அகப்படவில்லை. குறை இருந்த இடம் சுடுபவரின் விரல்.

நடப்பது இதுதான். தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. கையும் விரலும் அதே வேகத்தில் பின்செல்வதில்லை. ஆகவே ஒரு கணம் விசை விரலின் பிடியிலிருந்து விலகித் தன் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அடுத்து, உதையைத் தாங்கிய தோள் துப்பாக்கியைத் திரும்ப முன்னே தள்ளுகிறது. விரலோ இன்னும் இறுகிய நிலையிலேயே இருக்கிறது. முன்னே வரும் விசை அந்த இறுகிய விரலில் போய் மோதுகிறது. சுடுபவர் அறியாமலேயே இரண்டாவது இழுப்பு நிகழ்ந்துவிடுகிறது. இந்த அனிச்சை இழுப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துபோவதால், எவ்வளவு பழகிய கையாலும் அதைத் தடுக்க முடியாது, உணரக்கூட முடியாது.

இதைத் தடுக்கப் போராடாமல், நிகழட்டும் என்று விட்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவர் ஜான் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர். விட்வொர்த், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்டி ஆகிய துப்பாக்கி நிறுவனங்களில் தொழில் பழகி, பிறகு தாமே தனியாகப் பட்டறை வைத்து, தாமஸ் பாஸ் தொடங்கிய பாஸ் நிறுவனத்தில் 1891இல் பங்குதாரராகச் சேர்ந்தவர். 1894இல் அவர் காப்புரிமை பெற்ற பொறியில் ஒரு சிறு சுழல் உருளை இருக்கிறது. விசை ஒவ்வொரு முறை தளரும்போதும் அந்த உருளை வில்லின் தள்ளலால் ஒரு படி திரும்பும். முதல் படியில் வலச் சியர். இரண்டாம் படியில் எதுவும் இல்லை. அனிச்சை இழுப்பு வந்து வெறும் வெளியைத் தூக்கிவிட்டுப் போகும். மூன்றாம் படியில் இடச் சியர். துப்பாக்கியைத் திறக்கும்போது உருளை தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆகவே களத்தில் சுடுபவருக்கு இரண்டே இழுப்புதான் தெரியும். உதை இல்லாத போலித் தோட்டாவில் அனிச்சை இழுப்பு நிகழாது என்பதால், அந்த நடு இழுப்பை உங்கள் விரலே செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய குறைப்பொறிகள் மேசையில் சரியாகவும் களத்தில் பிழையாகவும் இயங்கின; இது மேசையில் பழுதாகத் தோன்றிக் களத்தில் சரியாக இயங்குவது. உங்கள் பட்டறைக்காரர் சொல்கிறபடி இரண்டாம் இழுப்பிலேயே விழும்படி செய்தால், ராபர்ட்சனுக்கு முந்தைய நிலைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய், முதல் தோட்டாவிலேயே இரு குழல்களையும் வெடிக்க வைப்பார்.

#3 · மெக்கானிக்கல்

மிகத் தெளிவான விளக்கம். இதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரட்டைக்குழல் கைத்துப்பாக்கிகளில் மட்டும் பழைய ஒற்றை விசைகள் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்தன என்று படிக்கும்போது முதலில் முரணாகத் தோன்றும். கைத்துப்பாக்கிக்குப் பின்னால் தோள் என்ற தடுப்பு இல்லை. சுட்டதும் மணிக்கட்டோடு மேலே எழும்பி அப்படியே அடங்கிவிடுகிறது. முன்னே தள்ளித் திருப்பி அனுப்புவதற்கு எதுவும் இல்லாதபோது விசை விரலில் மோதுவதும் இல்லை. அதே பொறியைத் தோள் துப்பாக்கிக்கு மாற்றியவுடன் இரட்டை வெடி தொடங்கிவிட்டது.

எனக்கு ஓர் ஐயமும் உண்டு. மூன்று இழுப்பு முறை, ஒவ்வொரு வேட்டிலும் அனிச்சை இழுப்பு கட்டாயம் நிகழும் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. முதல் தோட்டா வெடிக்காமல் பிசகினால் உதை இல்லை. அப்போது சுடுபவர் இரண்டாம் முறை இழுத்தால் வெறும் இழுப்புதான் கிடைக்கும். பறவை போய்விடும். அதேபோல் கனமான துப்பாக்கியில் மிக இலேசான தோட்டாவைப் போட்டாலும் உதை குறைந்து, நடு இழுப்பு சில வேளை நிகழாமல் போகலாம் அல்லவா?

#4 · நீலகிரியான்

அந்த ஐயம்தான் என் முழு வாதமும். நான் இந்த இழையில் எதிர்த்தரப்பு. ஒற்றை விசை என்பது, இல்லாத நோய்க்கு எழுதிய மருந்து என்பது என் நெடுநாள் கருத்து. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைக்குழலின் சிறப்பே இரண்டு குழல்களும் வேறு வேறு சோக் (குழல் வாயின் குறுக்கம்) கொண்டிருப்பதுதான். வலக்குழல் பொதுவாகச் சற்றுத் திறந்தது. சிறுகுண்டுகள் விரைவில் பரவும், பக்கத்து இலக்குக்கு ஏற்றது. இடக்குழல் இறுக்கமானது, தொலைவுக்கு உரியது. பறவை எவ்வளவு தொலைவில் எழும்புகிறது என்பதைப் பார்த்த அந்தக் கணத்திலேயே, விரலை முன் விசையில் வைப்பதா பின் விசையில் வைப்பதா என்று கை முடிவு செய்துவிடும். எந்தப் பொத்தானையும் தள்ள வேண்டியதில்லை. ஒற்றை விசையில் இந்தத் தேர்வு பறிபோகிறது. தேர்வுப் பொத்தான் வைத்தவர்கள் உண்டு. ஆனால் காடை எழும்பிய பிறகு பொத்தானைத் தேடித் தள்ளிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

அடுத்தது நம்பகம். ஒரு பக்கப் பொறி உடைந்தாலும் மறுபக்கம் சுடும். யானை, காட்டெருமை போன்றவற்றின் எதிரே நிற்பதற்காகச் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள்களில் பெரும்பாலானவை இன்றுவரை இரட்டை விசையோடு வருவதற்கு இதைவிட வேறு காரணம் இல்லை. அங்கே விசை சிக்கிக்கொண்டால் மறுவாய்ப்பு கிடையாது. நம் ஊர் நிலைமையையும் பாருங்கள். லண்டன் பட்டறையிலிருந்து கப்பலில் மூன்று வாரத் தொலைவில் தோட்ட பங்களாவில் இருந்தவருக்கு, உள்ளூர் மிஸ்திரி பிரித்துப் பூட்டக்கூடிய பொறிதான் தேவை. தேயிலைமேடு அவர்களின் பட்டறைக்காரர் அரத்தோடு நிற்பதே அதற்குச் சாட்சி.

அக்காலத்தின் தலைசிறந்த சுடுநர்களே ஒற்றை விசைக்காக ஏங்கிக் கிடக்கவில்லை. சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த வைஸ்ராயின் மகன், இரண்டாம் ரிப்பன் பிரபு, தம் வாழ்நாளில் சுட்டவை வேட்டைக் குறிப்பேட்டின்படி ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அது பெருமைக்குரிய கணக்கா என்பது வேறு விஷயம். அவர் கடைசிவரை கையில் வைத்திருந்தவை சுத்தியல் வெளியே தெரியும் பர்டி துப்பாக்கிகள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அப்படியே. சுத்தியலை உள்ளே மறைத்த துப்பாக்கிகள் எங்கும் பரவிய பிறகும் பழையதைக் கைவிடாதவர்கள் அவர்கள்.

#5 · பழைய இரும்பு

நண்பர் நீலகிரியான் சொல்வதில் ரைஃபிள் பற்றிய பகுதியை மறுப்பதற்கில்லை. பறவை வேட்டையைப் பற்றிய பகுதிதான் ஒரு பக்கப் பார்வையாக இருக்கிறது. அவர் பேசுவது புதரில் நடந்துபோய் எழுப்பிச் சுடும் முறை. அங்கே பறவை சுடுபவரைவிட்டு விலகிப் பறப்பதால் முதல் வேட்டு அண்மையில், இரண்டாவது தொலைவில். ராபர்ட்சனின் வாடிக்கையாளர்கள் செய்தது வேறு. ஆட்கள் வரிசையாக வந்து பறவைகளை விரட்ட, அவை சுடுநர்களின் தலைக்கு மேலே வந்து கடந்துபோகும். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று துப்பாக்கிகள். பின்னால் தோட்டா நிரப்பிக் கொடுக்கும் ஆட்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வேட்டுகள். அந்த வேகத்தில் விரலை இடம்மாற்றும் அரைக் கணமும் கணக்கில் வரும்.

ஏன் 1890களில் இத்தனை காப்புரிமைகள் ஒரே மூச்சில் குவிந்தன என்பதற்கும் விடை இங்கேதான் கிடைக்கும். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையின் ஆன்சனும் டீலியும் 1875இல் கொண்டுவந்த பாக்ஸ்லாக் (பொறி சட்டத்துக்குள்ளேயே அடங்கிய வகை), துப்பாக்கியைத் திறக்கும் செயலாலேயே சுத்தியலை மடக்கிவிட்டது. 1880இல் பீஸ்லி வடிவமைத்துப் பர்டி வாங்கிக்கொண்ட பொறி, துப்பாக்கியைத் தானே திறந்துகொள்ள வைத்தது. சுட்ட தோட்டாக் கூட்டைத் தானாகத் தூக்கி வெளியே எறியும் எஜெக்டர்கள் அடுத்து வந்தன. 1893இல் வந்த சவுத்கேட் முறை அவற்றை எளிமையாக்கியது. புகையற்ற வெடிமருந்து வந்துவிட்டதால் முதல் வேட்டின் புகை கலையும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் ஒழிந்தது. கையால் செய்த வேலைகளைப் பொறி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியது விரலை இடம்மாற்றுவது ஒன்றுதான். அதையும் ஒழித்துவிட வேண்டும் என்று அத்தனை பட்டறைகளும் முண்டியடித்தது இயல்பே.

உடல் சார்ந்த குறைகளும் இரட்டை விசையில் உண்டு. இரண்டு விசைகளுக்கும் இடையே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், முன் விசைக்கு அளந்து செய்த கட்டை (தோளில் பதியும் மரப்பகுதி) பின் விசைக்கு அவ்வளவு குட்டையாகிவிடுகிறது. தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுப்பதைப்போலக் கட்டைக்கு அளவு கொடுத்து வாங்கியவர்கள் இதைச் சிறிய விஷயமாகக் கருத மாட்டார்கள். மேலும் பின் விசையை இழுத்துச் சுடும்போது உதையில் முன் விசை பின்னே வந்து விரலின் முதுகில் அடிக்கும். நாள் முழுவதும் சுட்டால் அந்த இடம் கன்றிப்போகும். முன் விசைக்குக் கீல் வைத்து, அடித்தால் மடங்கிக்கொடுக்கும்படி செய்தது இந்த அடியைத் தாங்கத்தான். குளிர்காலத்தில் கையுறை போட்ட விரலுக்கு இரண்டு விசைகளுக்கு நடுவே நுழைவதே ஒரு பாடு.

மெக்கானிக்கல் அவர்களின் ஐயம் முற்றிலும் நியாயமானது. முதல் தோட்டா பிசகினால் மூன்று இழுப்பு முறையில் கூடுதலாக ஒரு முறை இழுத்தாக வேண்டும். ராபர்ட்சன் இதை அறியாதவர் அல்லர். லண்டனில் நல்ல தோட்டாவை மட்டுமே வாங்கியவர்களுக்கு, வெடிக்காத தோட்டா அரிதிலும் அரிது. இரட்டை வெடியோ பல்லைக் கழற்றும் ஆபத்து. இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது என்று பார்த்துத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வு சரி என்பதே என் எண்ணம். பாஸ் நிறுவனம் 1909இல் மேல்-கீழ் குழல் அமைப்புக் கொண்ட துப்பாக்கியைக் கொண்டுவந்தபோதும் ஒற்றை விசையே அதன் முகமாக இருந்தது.

#6 · ஃபுல்டன் கிளை

இங்கிலாந்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒற்றை விசையைப் பிரபுக்களின் வேட்டை மைதானத்திலிருந்து சாதாரண விவசாயியின் கைக்குக் கொண்டுவந்தது அமெரிக்கா. அந்தக் கதையையும் சேர்த்தாக வேண்டும்.

மிசூரி மாநிலம் செயின்ட் ஜோசப் ஊரைச் சேர்ந்த ஆலன் லார்டு என்பவர் உருவாக்கிய ஒற்றை விசையை, நியூயார்க் மாநிலத்து ஃபுல்டன் நகரிலிருந்த ஹண்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் 1904இல் தன் எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளில் ‘ஹண்டர் ஒன்-டிரிகர்’ என்ற பெயரில் பொருத்தத் தொடங்கியது. விளம்பரங்களில் பெரிதாக முழங்கினார்கள். உள்ளே பார்த்தால் கடிகாரக்காரருக்கும் தலைசுற்றும். இன்று அமெரிக்காவிலேயே அதைத் தொட மறுக்கும் பழுதுபார்ப்பவர்கள் உண்டு. 1914இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் துப்பாக்கிகளுக்கு அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கௌட்ஸ்கியின் விசை வந்தது. கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் இருந்த பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் அவசரப்படவில்லை. 1922 வாக்கில்தான் தன் ஒற்றை விசையை வெளியிட்டது. பழைமைவாதம் என்று சிரித்தவர்கள் உண்டு. அதற்குள் மற்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், காத்திருந்தது வீண் என்று சொல்லத் தோன்றவில்லை.

அமெரிக்க வேகத்துக்கு இங்கிலாந்தில் இல்லாத ஒரு காரணமும் இருந்தது. அங்கே இரட்டைக்குழலின் உண்மையான போட்டியாளர், கையால் முன்பின் இழுத்துச் சுடும் வின்செஸ்டர் 1897 போன்ற பம்ப் துப்பாக்கிகளும், ஜான் பிரௌனிங் வடிவமைத்த தானியங்கி ஷாட்கன்னும். அவற்றில் ஐந்து தோட்டாவுக்கும் ஒரே விசை. ஆனால் ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டா அறைக்குள் வந்து பூட்டிய பின்புதான் சுட முடியும் என்பதால், அனிச்சை இழுப்பு அங்கே ஒரு பிரச்சினையே ஆகவில்லை. அதில் பழகிய விரலுக்கு இரண்டு விசைகள் அந்நியமாகத் தெரிந்தன. விற்பனை குறையவே இரட்டைக்குழல் தயாரிப்பாளர்களும் அந்தப் பழக்கத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று.

பிரௌனிங் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய கடைசி வடிவமைப்பு, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் உருவான மேல்-கீழ் குழல் துப்பாக்கியான சூப்பர்போஸ்டு. அதை முழுமையாக முடிப்பதற்கு முன்பே 1926 நவம்பரில் லியேஜ் நகரில் அவர் காலமானார். 1931இல் அது சந்தைக்கு வந்தபோது இரட்டை விசைகளோடுதான் வந்தது. பிறகு சில காலம் ஒரு விசித்திரமான நடுவழியைக் கையாண்டார்கள். இரண்டு விசைகள் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் முழுமையான ஒற்றை விசை. முன்னதை இருமுறை இழுத்தால் ஒரு குழலும் அதைத் தொடர்ந்து மற்றதும். பின்னதை இருமுறை இழுத்தால் அந்த வரிசை தலைகீழாகும். நீலகிரியான் கேட்கும் உடனடித் தேர்வும் இருக்கிறது, பழைய இரும்பு கேட்கும் வேகமும் இருக்கிறது. பொறியின் செலவு மட்டும் இரண்டு மடங்கு! மகன் வால் பிரௌனிங் தேர்வு வசதியுள்ள ஒற்றை விசையை உருவாக்கி முடித்ததும், 1930களின் இறுதியோடு அந்த இரட்டை ஒற்றை விசை பின்னுக்குப் போனது. சேஃப்டி பொத்தானையே பக்கவாட்டில் நகர்த்திக் குழலைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய வழக்கத்தை உலகெங்கும் பழக்கியதில் சூப்பர்போஸ்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

#7 · மெக்கானிக்கல்

ஃபுல்டன் கிளை அவர்களுக்கு நன்றி. சூப்பர்போஸ்டைப் பேசும்போது பொறியியல் அடிப்படையில் ஒரு பெரிய பிரிவைக் குறிப்பிட வேண்டும். அனிச்சை இழுப்பை எண்ணிக் கழிப்பது ஒரு வழி. அதுதான் ராபர்ட்சன் வழி. அந்த இழுப்பு நிகழும் நேரத்தில் விசைக்கும் சியருக்கும் தொடர்பே இல்லாமல் துண்டித்து வைப்பது இன்னொரு வழி. துண்டிப்பதற்கு உதையையே பயன்படுத்திக்கொள்ளலாம். விசைக்கு மேலே தொங்கவிட்ட ஓர் எஃகுக் கட்டை, துப்பாக்கி பின்னே போகும்போது தன் நிலைமத்தால் இடம்மாறி நிற்கும். உதையும் திருப்பித் தள்ளலும் அடங்கும்வரை விசையை எதனோடும் சேர விடாது. அடங்கியதும், விரல் தளர்ந்த பிறகு, விசையை இரண்டாம் சியரோடு இணைத்துவிடும். இன்றைய மேல்-கீழ் குழல் துப்பாக்கிகளில் பெரும் பகுதி இந்த நிலைம முறைதான்.

இதன் பலவீனமும் அதே உதைதான். முதல் தோட்டா வெடிக்கவில்லையென்றால் எஃகுக் கட்டை நகராது. எத்தனை முறை இழுத்தாலும் இரண்டாம் குழல் சுடாது. மூன்று இழுப்பு முறையில் கூடுதலாக ஓர் இழுப்போடு போயிற்று. இதில் முழு முடக்கம். போலித் தோட்டாவில் சோதிப்பவர்கள் முதல் சுத்தியல் விழுந்ததும் தோளில் பதியும் மரக்கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உதைக்குப் பதிலாக அந்தத் தட்டு. எனவே தேயிலைமேடு அவர்கள் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. தட்டாமலே மூன்றாம் இழுப்பில் விழுகிறதென்றால் அது நிலைம முறை அன்று, எண்ணும் முறை. அவர் எழுதியதில் அது ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது.

உதையை நம்பாமலும், இழுப்பை எண்ணாமலும், சிறு கால தாமதத்தைப் பொறியிலேயே ஏற்படுத்திய வடிவமைப்புகளும் அக்காலத்தில் வந்தன. எண்ணெய் உறைந்தாலும் தூசி சேர்ந்தாலும் தாமதம் கூடிக் குறையும் என்பதால் அவை நிலைக்கவில்லை.

#8 · தேயிலைமேடு

அனைவருக்கும் மிக்க நன்றி. துப்பாக்கியைப் பட்டறையிலிருந்து திருப்பி எடுத்து வந்துவிட்டேன். உள்ளே எதையும் தொடவில்லை என்று பட்டறைக்காரர் உறுதியாகச் சொன்னார். இன்னும் ஒரு கேள்வி. தாத்தா காலத்தில் ஒருமுறை இரு குழலும் சேர்ந்து வெடித்து, தோள் வீங்கியதாக அப்பா சொல்கிறார். அனிச்சை இழுப்பைத்தான் ராபர்ட்சன் முறை விழுங்கிவிடுகிறதே. பிறகு எப்படி அது நடந்திருக்க முடியும்?

#9 · பழைய இரும்பு

இரட்டை வெடிக்கு அனிச்சை இழுப்பு ஒன்றே காரணம் அன்று. முதல் குழலின் அதிர்ச்சியிலேயே மறுபக்கச் சியர் தன் பள்ளத்திலிருந்து நழுவிவிடலாம். சியரின் முனை தேய்ந்திருந்தால், அல்லது யாராவது விசையை மெல்லியதாக்குவதாகச் சொல்லி அரம் போட்டிருந்தால், இது நடக்கும். விசைக்கும் விரலுக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. இரட்டை விசைத் துப்பாக்கியிலும் இதே போல நேரும். நல்ல சைடுலாக்குகளில் இதற்காகவே ஒவ்வொரு பக்கமும் இரண்டாவது ஒரு தடுப்புச் சியர் இருக்கும். விசையை இழுக்காமல் சுத்தியல் நழுவினால் அது குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். உங்களுடையதில் அது இருந்தும் வெடித்ததென்றால், அந்தத் தடுப்புச் சியரின் வில் வலுவிழந்திருக்கலாம், அல்லது பழைய எண்ணெய் பிசினாக இறுகி அதை அசைய விடாமல் வைத்திருக்கலாம். எழுபது எண்பது ஆண்டாகத் திறக்கப்படாத துப்பாக்கிகளில் பிசின்தான் பெரும்பாலும் குற்றவாளி. சுழல் உருளையும் அதே பிசினில் மாட்டினால் ஒரு படியைத் தவறவிடும்.

அதனால் சுத்தம் செய்ய வேண்டும். அதைச் சைடுலாக் பிரித்துப் பழகிய, அரத்தை எடுக்காத ஒருவர் செய்ய வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் அவரிடம் ‘இது மூன்று இழுப்பு முறை, நடு இழுப்பு வெறுமையாகவே இருக்க வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். சேர்த்துப் பூட்டிய பிறகு ஒவ்வொரு பக்கத்தின் இழுவிசையையும் தராசில் அளக்கச் சொல்லுங்கள். வேட்டைத் துப்பாக்கிகளில் வழக்கமாக அது மூன்றரை முதல் நான்கு பவுண்டு, அதாவது 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், முன்பே எவரோ அரம் போட்டிருக்கிறார் என்று பொருள்; அந்த நிலையில் அதில் உண்மைத் தோட்டா போடக்கூடாது.

#10 · நீலகிரியான்

பிசின் பற்றிய எச்சரிக்கைக்கு என் முழு ஆதரவு. என் கட்சியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு ஐபார் பட்டறைகளிலிருந்து வரும் பக்கக்குழல் துப்பாக்கிகளில் இன்றும் கீல் வைத்த இரட்டை விசையே பெரும்பான்மை. அதற்குப் பொருத்தமாகக் கட்டையின் கழுத்தும் நேராக இருக்கும். பின் விசைக்குப் போகும்போது கை முழுவதும் சற்றுப் பின்னே வழுக்கிச் செல்லும். விரல் மட்டும் எட்டிப் பிடிப்பதில்லை. நண்பர் சொன்ன 25 மில்லிமீட்டர்க் குறை, வளைந்த கைப்பிடியில்தான் உறுத்தும். நேர்க்கழுத்தில் பழகியவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் களிமண் தட்டுப் போட்டிகளில் ஒற்றை விசை வென்றுவிட்டது என்பதை மறுக்க மாட்டேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி வந்த பெராட்ஸி எம்.எக்ஸ்.8 துப்பாக்கியில் விசைப்பொறி முழுவதும் தனியாகக் கழன்று கையில் வரும். ஒன்று பழுதானால் இன்னொன்றைச் செருகிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். நம்பகத்தைப் பற்றிய என் வாதத்துக்கு அதுவே நேரான பதில் என்று ஒப்புக்கொள்கிறேன். பாரிஸ் 2024இல் டிராப் போட்டியில் நின்ற புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் வரை அந்தக் களத்தில் யாரும் இரட்டை விசையைத் தேடுவதில்லை. தட்டு எப்போதும் சுடுபவரைவிட்டு விலகியே பறக்கிறது, எந்தக் குழல் முதலில் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. பறவை அப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு எழும்புவதில்லை.

#11 · ஃபுல்டன் கிளை

தேயிலைமேடு அவர்களுக்கு ஒரு சிறு யோசனை. துப்பாக்கியின் தோல் பெட்டி உங்களிடம் இருந்தால், அதனுள் ஒரு சீட்டில் இழுப்பு வரிசையை எழுதி வையுங்கள்: வலம், வெறுமை, இடம். பழைய பாஸ் வகைத் துப்பாக்கிகள் ஏலத்துக்கு வரும்போது, ‘விசை பழுது’ என்று தவறாகக் குறிக்கப்பட்டுக் குறைந்த விலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் மறுநாளே போலித் தோட்டாவில் மூன்றாம் முறை இழுத்துப் பார்த்துச் சிரித்திருப்பார்.